அறுபத்திரண்டு பேருக்கு ஒரு களம்

நிரல் எழுதும் மென்பொருளான நிரற்களம் ஒன்றோடேயே ஏழு ஆண்டுகள் காலம் தள்ள வேண்டும் என்பதால், தேர்ந்தெடுக்க மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். சந்தனமாரி அதில் இரண்டு நாளைப் பயத்திலேயே கழித்துவிட்டாள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, பம்பு அறையில் களத்துக்கு ஒன்றாகப் போட்டிருந்த மூன்று மேசைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எதில் உட்கார்ந்தால் பயம் குறைவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய அறுபத்திரண்டு தெருக்கள் கடல்மட்டத்துக்குக் கீழே போய் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அலைச்சுவர் கடலைத் தடுத்துவிடுகிறது. சுவருக்கு அடியில் மண் வழியாக ஊறி வரும் தண்ணீரைத்தான் எதனாலும் தடுக்க முடியவில்லை. அதை இறைத்துக் கடலுக்கே திருப்பி அனுப்ப, தெருவுக்கு ஒரு பம்பு அறை. அறையில் மூன்று மோட்டார்கள். அவற்றை ஓட்டுவது ஒரு பைத்தான் நிரல். அந்த நிரலை எழுதிப் பராமரிக்கிறவர் தெருநிரலர். நிரலில் ஒரு வரி பிசகினால் தெரு முழுகிவிடும். சந்தனமாரி மூன்றாம் தெருவின் துணைத் தெருநிரலராக வேலைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது.

மூன்றாம் தெருவிலேயே தாழ்ந்த வீடு அவளுடையது. அம்மா செல்லக்கனி இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகக் கட்டிலோடு கிடந்தாள். ஆகவே, நிரலில் பிசகினால் யார் முதலில் நனைவார்கள் என்பது சந்தனமாரிக்கு நன்றாகத் தெரியும். வேலை உத்தரவு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் மேசையில் இருந்தது சீர்க்களம். பழைய காலத்தது. பைத்தானில் வரிகளை உள்தள்ளி எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஓர் இடைவெளி குறைந்தால் சீர்க்களம் மணியடிக்கும். வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போடும். ஏன் தவறு என்று மூன்று பத்தி விளக்கும். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் எண்பத்தேழு தடவை மணி அடித்தது. எண்பத்தெட்டாவது மணிக்கு அவள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இரண்டாவது மேசையில் வெற்றுத்தாள். கறுப்புத் திரை, அதில் கண் சிமிட்டும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். சரியாக எழுதினாலும் தப்பாக எழுதினாலும் அதற்கு ஒரே முகம். நேற்று முழுவதும் அதன் முன்னால் உட்கார்ந்து அவள் எழுதியது பதினோரு வரி. மணியடித்த களத்தைவிட இந்த மௌனம்தான் அவளை அதிகம் கலக்கியது.

மூன்றாவது மேசையில் தண்மை. மற்றவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்திருந்தார்கள்.

"என்ன பிள்ள, பொண்ணு பாக்க வந்த மாதிரி நின்னுக்கிட்டே இருக்க. உக்காரு," என்றான் எட்வின் மச்சாது. மூன்றாம் தெருவின் நிரலர் அவன். ஆறு ஆண்டுகளாகத் தண்மையில் இருப்பவன். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம்.

"பயமா இருக்குண்ணே."

"அதுக்குத்தான தண்மை. நான் வந்தப்ப உன்னைவிடப் பயந்தாங்கொள்ளி. இப்பப் பாரு. போன மாசம் வீட்டுக்குள்ள நல்லபாம்பு வந்துட்டு. பொண்டாட்டி கத்துதா, பிள்ளைக கத்துது. நான் சோத்தைத் தின்னு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன்."

"பாம்பு என்ன ஆச்சு?"

"அதுவும் போயிட்டு. அதுக்கும் வேலை இருக்கும்லா."

ஜன்னலோரம் நின்றிருந்த ஷண்முகவடிவு சிரித்தார். அலைச்சுவர் வாரியத்தின் மேற்பார்வையாளர். எல்லோருக்கும் வடிவு மேடம். கையெழுத்து வாங்குவதற்காகவே வந்திருந்தார். "அறுபத்திரண்டு நிரலர்ல அறுபத்திரண்டு பேரும் தண்மைதாம்மா. பன்னெண்டு வருஷமா மத்த ரெண்டுலயும் யாரும் கை வைக்கலை. சட்டத்துல மூணு காட்டணும்னு இருக்கு, காட்டுதோம்."

சந்தனமாரி உட்கார்ந்தாள். விரல்களை விரல்பலகை மேல் வைத்தாள். விசைகள் இளஞ்சூடாக, உயிருள்ள ஒன்றின் வயிற்றைப் போல இருந்தன.

தண்மை பிழை கண்டுபிடிக்கும் விதமே வேறு. அதற்கு இலக்கணம் தெரியாது, விதிகள் தெரியாது. அதைச் செய்தவர்கள் ஆயிரக்கணக்கான நிரலர்களின் விரல்நுனியில் நாடியையும் வியர்வையையும் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். ஒரு வரி தவறாக இருந்தால், அது மூளைக்கு எட்டுவதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. விரல் ஒரு நொடி தயங்குகிறது, நாடி ஒரு துடிப்புத் தவறுகிறது. அந்தத் தயக்கத்தைப் படித்தால் போதும், பிழை அகப்பட்டுவிடும். எந்த விதிப் புத்தகத்தையும்விட இது நன்றாக வேலை செய்தது. அதனால் விதிகளைப் பார்ப்பதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். எங்கே விரல் தடுமாறுகிறதோ அங்கே தண்மை ஒரு மஞ்சள் பொட்டு வைக்கும். 'திருத்தவா?' என்று கேட்கும். ஆம் என்றால் அதுவே திருத்தும்.

"நம்ம தெரு நிரலைத் திறந்து சும்மா படிச்சுப் பாரு. எட்டு மாசத்துக்கு முன்னால நான் புதுசா எழுதுனது. ஒரு பொட்டு கிடையாது," என்றான் எட்வின்.

அவள் படித்தாள். நான்காவது வரியில் ஒரு மஞ்சள் பொட்டு விழுந்தது. ஒன்பதாவது வரியில் ஒன்று. பிறகு மழைத்தூறல் போல வரிசையாக. நிரல் முடிவதற்குள் நாற்பத்தொரு பொட்டுகள்.

எட்வின் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மேடம், இங்கன வந்து பாருங்க. பிள்ளை என் நிரலுக்கு மஞ்ச நீராட்டு விழா நடத்திட்டா."

"தப்பா நினைக்காதீங்கண்ணே, நான் ஒண்ணும் பண்ணலை."

"உன் கை எல்லாத்துக்கும் நடுங்குது. கமா இருந்தாலும் நடுங்குது. அதுக்குப் பிழையாத் தெரியுது. அமைதி விசையை அமுக்கு, சரியாயிரும்."

அவள் உடனே அமுக்கவில்லை. இருபத்தாறாவது வரியில் விழுந்த பொட்டு மற்றவற்றைவிட அடர்த்தியாக இருந்தது. அந்த வரியைப் பார்த்தபோது அவள் நெஞ்சு உண்மையிலேயே ஒருமுறை குலுங்கியது. ஏன் என்று தெரியவில்லை. தெருவில் பதித்த பத்து நீர்மானிகளின் அளவுகளைச் சேர்த்துச் சராசரி பார்க்கும் வேலை தொடங்கும் வரி அது. பார்க்க ஒரு குற்றமும் இல்லை. சொல்லலாமா? ஆறு ஆண்டு அனுபவமுள்ளவன் எழுதியது. நான்கு நாள் முன்பு வந்தவள் என்னத்தைச் சொல்ல? அவள் அமைதி விசையை அமுக்கினாள்.

விசைகள் குளிர்ந்தன. விரல்நுனிகளுக்கு அடியில் ஏதோ மெல்லத் துடிக்கத் தொடங்கியது. அவள் இதயத்தைவிடச் சற்று மெதுவாக. இதயம் அதோடு சேர்ந்துகொண்டது. துடிப்பு இன்னும் மெதுவானது, இதயமும் பின்னாலேயே போனது. கைகளின் நடுக்கம் நின்றது. கழுத்தில் இரண்டு வாரமாக இறுகியிருந்த ஏதோ அவிழ்ந்தது. திரையில் பொட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நாற்பது, இருபத்தைந்து, ஏழு. இருபத்தாறாவது வரியின் பொட்டுதான் கடைசியில் போனது. திரையின் அடியில் பச்சை எழுத்தில் வந்தது: 'பிழைகள்: இல்லை.'

வாழ்க்கையில் இப்படி ஓர் அமைதியை அவள் கண்டதில்லை. பள்ளிக்கூட வாசலில், பேருந்தில், கடையில் மீதிச் சில்லறை கேட்கும் இடத்தில், எங்கேயும் உடன் வந்துகொண்டிருந்த ஒன்று எழுந்து வெளியே போய்விட்டது போல இருந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இரண்டு நாள் பயந்தேன் என்று நினைத்தாள்.

வடிவு மேடம் ஒப்பந்தத் தாளை மேசையில் வைத்தார். "நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கும்மா. அவசரம் இல்லை."

பதினொரு மணி இருக்கும். சந்தனமாரியின் கைப்பேசி ஒலித்தது. ஒரு கையை விரல்பலகையிலேயே வைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஏட்டி, பம்பு போடலையா?" அம்மாவின் குரல். "வாசல்ல தண்ணி நிக்கு."

"ஒரு மோட்டார் ஓடுதும்மா. சத்தம் கேக்கு."

"ஒண்ணு ஓடி என்னத்துக்கு. காத்து கிழக்க இருந்து அடிக்கி. காத்தழுத்தத் தாழ்வு வந்திருக்குன்னு காலையிலேயே சொன்னாம்லா. தண்ணி உள்ள வருது பாத்துக்கோ. செருப்பு ரெண்டும் மிதந்து அடுப்படிக்குப் போவுது."

"சரிம்மா, பாக்கேன்."

கைப்பேசியை வைத்துவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். பச்சை எழுத்து அப்படியே இருந்தது. அவள் நாடி கோயில் குளத்துத் தண்ணீர் போல அசையாமல் இருந்தது. அம்மா வீட்டுக்குள் தண்ணீர் என்று சொன்னாள் என்று ஒரு நினைவு வந்தது. அம்மா நடக்க மாட்டாள் என்று இன்னொன்று வந்தது. இரண்டும் யாரோ இரண்டு பேரைப் பற்றிய செய்திகளைப் போல வந்துபோயின.

பிறகு, தாளில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுப்பதற்காக இரண்டு கைகளையும் பலகையிலிருந்து எடுத்தாள்.

பயம் மொத்தமாக வந்து அடித்தது. பேனா கீழே விழுந்தது. அம்மாவின் கட்டில் தரையிலிருந்து ஒன்றரை அடி. அடுப்படி வரை தண்ணீர் போயிருந்தால் கட்டிலின் கால் ஏற்கெனவே நனைந்திருக்கும். அம்மா சொன்னபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லையே என்பதை நினைத்தபோது, தண்ணீரைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது.

"அண்ணே, மத்த ரெண்டு மோட்டாரும் ஏன் ஓடலை?"

எட்வின் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "ஒண்ணு கடலேற்ற அட்டவணைப்படி ஓடும். மத்த ரெண்டும் சராசரி அளவு கோட்டைத் தாண்டுனாத்தான் ஓடும். தாண்டலை போல."

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டுங்கேன்."

"நிரல்ல பிழை இல்லையே பிள்ள." அவன் குரலில் கேலி இல்லை. அன்பாகவே சொன்னான். "பாரு, பச்சையா இருக்கு."

"கையால போடுற சுவிட்சு எங்க?"

அவன் சுவரைக் காட்டினான். சுவிட்சு இருந்த இடத்தில் மாதா படமும் மாரியம்மன் படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தன. "நாலு வருஷம் ஆச்சு எடுத்து. யாருக்கும் தேவைப்படலை."

வெளியே போகலாமா? தெருவின் மறுகோடியில் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீரில் ஓடினால் கால் மணி நேரம். போய்ச் சேர்ந்தாலும் இடுப்பொடிந்த அம்மாவை ஒருத்தியாகத் தூக்க முடியாது. பகல் நேரம்; தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் துறைமுகத்தில். சந்தனமாரி வெற்றுத்தாள் மேசைக்குப் போனாள். திரையில் படிந்திருந்த தூசியைத் தாவணியால் துடைத்தாள். மூன்றாம் தெருவின் நிரலை அதில் திறந்தாள். அங்கே படிக்கத்தான் முடியும். ஓடும் நிரலை நிறுத்தவோ மாற்றவோ தேவையான சாவி தண்மையிடம் இருந்தது. பொட்டு இல்லை, மணி இல்லை. கண்ணும் பயமும் மட்டும்தான். இருபத்தாறாவது வரிக்கு நேராகப் போனாள்.

மூன்று தடவை படித்தாள். நான்காவது தடவை தெரிந்தது.

பத்து நீர்மானிகளின் அளவுகளைப் போட்டுவைக்க எட்வின் ஒரு காலிப் பட்டியல் வைத்திருந்தான். அதை வைத்த இடம்தான் தப்பு. அந்தச் சராசரி வேலையின் பெயரை எழுதி, அதற்கு வரும் பொருள்களை அடைப்புக்குறிக்குள் எழுதும்போது, அங்கேயே 'யாரும் ஒன்றும் தராவிட்டால் இந்தக் காலிப் பட்டியல்' என்று எழுதிவிட்டான். பைத்தான் எழுதுகிற எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி அது. ஒவ்வொரு நிமிடமும் வேலை தொடங்கும்போது புதுப் பாத்திரம் கிடைக்கும் என்று எழுதுகிறவர் நினைப்பார். பைத்தான் அப்படிச் செய்யாது. பாத்திரத்தை ஒரே ஒருமுறை செய்துவிட்டு, காலத்துக்கும் அதையே நீட்டும். நேற்றுப் போட்டதும் அதற்கு முந்தின நாள் போட்டதும் அடியில் அப்படியே கிடக்கும்.

"அண்ணே, இந்தப் பட்டியல்ல எத்தனை அளவு இருக்கணும்?"

"பத்து. பத்து மானி, பத்து அளவு."

அவள் நிரலின் பதிவேட்டிலிருந்து அந்தப் பட்டியலின் நீளத்தைக் கேட்டாள். எண் வந்தது. முப்பத்துநான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்துச் சொச்சம்.

எட்வின் தேநீர் டம்ளரோடு வந்து பார்த்தான். வடிவு மேடமும் வந்தார்.

"எட்டு மாசத்துத் தண்ணியும் இதுல கிடக்குண்ணே. எட்டு மாசத்துச் சராசரியைப் பாத்துக்கிட்டு இருக்கு நம்ம பம்பு. இன்னைக்குத் தண்ணி கழுத்து வரைக்கும் வந்தாலும் அந்தச் சராசரி அசையாது. அட்டவணைக்கு மேல ஒரு நாளும் தண்ணி வராததுனால நமக்குத் தெரியாமப் போச்சு."

எட்வின் எண்ணைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். "ஆமா," என்றான். "தப்புதான். எப்படி எழுதுனேன்?" ஒரு மிடறு தேநீர் குடித்தான். "சரி வா, மாத்துவோம்."

அவன் தண்மையின் முன் உட்கார்ந்து இருபத்தாறாவது வரிக்குப் போனான். விரல்களை வைத்தான். பொட்டு வரவில்லை. மாற்றச் சொல்லி உத்தரவிட்டான். திரையில் எழுத்து வந்தது: 'இந்த வரியில் பிழை இல்லை. ஓடும் நிரலில் பிழையில்லாத வரியை மாற்ற அனுமதி இல்லை.'

"ஏன் விட மாட்டேங்குது?" என்றார் வடிவு மேடம்.

"எனக்கு நடுங்கலைலா மேடம்." எட்வின் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தப்புன்னு தெரியுது. ஆனா நடுங்க மாட்டேங்குது. நீங்க வேணா கையை வச்சுப் பாருங்களேன்."

மேடமும் வைத்துப் பார்த்தார். அவரும் பத்து ஆண்டு தண்மையில் இருந்து பதவி உயர்ந்தவர். பச்சை எழுத்து மாறவே இல்லை. பம்பு அறையில் மூன்று பேர். அதில் பயப்படத் தெரிந்தவள் ஒருத்தி.

கைப்பேசி மறுபடி ஒலித்தது. "சந்தனம்," என்றாள் அம்மா. இப்போது குரலில் வேடிக்கை இல்லை. "முதுகு நனையுது தாயி."

சந்தனமாரி உட்கார்ந்தாள். விரல்களை வைத்தாள். இருபத்தாறாவது வரியில் உடனே பொட்டு விழுந்தது, அடர் மஞ்சளாக. 'திருத்தவா?' அவள் ஆம் என்றாள். திரை சொன்னது: 'ஓடும் நிரல். முப்பது நொடி பொட்டு நிலைத்தால் திருத்தம் உறுதி.' அதே நேரம் விசைகள் குளிரத் தொடங்கின. அவள் அமைதி விசையைத் தொடவில்லை; ஆனால் இவ்வளவு கலங்கிய நாடியைக் கண்டதும் தண்மை தானாகவே ஆற்றத் தொடங்கியது. அதற்குத் தெரிந்த உபகாரம் அது ஒன்றுதான்.

விரலடியில் அந்த மெல்லிய துடிப்பு வந்தது. வா, வா என்று இதயத்தைக் கூப்பிட்டது. போகாதே என்று அவள் பல்லைக் கடித்தாள். பொட்டின் நிறம் வெளிறியது. அம்மாவின் முதுகை நினைத்தாள். கட்டிலின் நார் தண்ணீரில் ஊறுவதை நினைத்தாள். பொட்டு திரும்ப அடர்ந்தது. துடிப்பு இன்னும் இதமாக வந்தது. பத்து நொடி. அம்மாவின் முகம் யாரோ ஒருத்தியின் முகமாக விலகிப் போகப் பார்த்தது. அவள் அதை இழுத்தாள். அம்மா தன்னைக் கூப்பிடாமல் போகும் ஒரு நிமிடத்தை நினைத்தாள். கைப்பேசி ஒலிக்காது. தான் கூப்பிட்டாலும் எடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். அந்த எண்ணத்தை, சுடுகிற பாத்திரத்தை வெறும் கையால் பிடிப்பதைப் போல, விடாமல் பிடித்துக்கொண்டாள். இருபது நொடி. கண்ணீர் விசைகளின் மேல் விழுந்தது. தண்மை அதையும் அளந்தது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

இரண்டாவது மோட்டார் உறுமியது. பின்னாலேயே மூன்றாவது. தரை அதிர்ந்தது.

எட்வின் தேநீரை வைத்துவிட்டு அவளுடைய வீட்டுக்கு ஓடினான். ஓட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சந்தனமாரி ஓடச் சொன்னதால் ஓடினான். அரைமணி நேரத்தில் அவனிடமிருந்து செய்தி வந்தது. தண்ணீர் வடிகிறது. அம்மா குளிரில் நடுங்குகிறாள், மற்றபடி நலம். தன்னைக் கட்டிலோடு தூக்கி வைக்கச் சொல்லி அதட்டுகிறாள்.

மறுநாள் காலை வாரியத்தின் பெரிய கூடத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அறுபத்திரண்டு நிரலர்களும் வந்திருந்தார்கள். நடுவில் ஒரு மேசை, அதில் தண்மை. ஒவ்வொரு தெருவின் நிரலையும் அவள் முன் திறந்தார்கள். அவள் கையை வைத்துப் படித்தாள், அவ்வளவுதான் வேலை. பொட்டு விழுந்த இடத்தை எல்லாம் ஒருவர் குறித்துக்கொண்டார். வெற்றுத்தாளில் எண்களைக் கேட்டுச் சரிபார்த்தார்கள். பாதிக்கு மேல் வீண் பயம். ஆனால் ஒன்பது தெருக்களில் மெய்யான பிழை இருந்தது. நாற்பதாம் தெருவில் ஒரு மானி இறந்து இரண்டு மாதமாகியும், பிழை வந்தால் பேசாமல் தாண்டிப் போ என்று எழுதியிருந்ததால் நிரல் பேசாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதை எழுதியவர் 'அடடே' என்றார், அவ்வளவுதான்.

"மேடம், எல்லாரும் சீர்க்களத்துக்கு மாறிரலாமே," என்றாள் சந்தனமாரி. கூடத்தில் அத்தனை பேர் முன்னால் பேசியதில் அவள் குரல் பாதி உள்ளேயே போயிற்று.

"கேட்டுப் பாத்துட்டேம்மா. மணி அடிக்கிற களத்துல திரும்ப உக்காருன்னு சொன்னா எல்லாரும் வேலையை விட்டுப் போயிருவோம்னு சொல்லுதாங்க. பயத்தை மறந்தவங்களுக்கு அது திரும்ப வேண்டாமாம்." வடிவு மேடம் ஒரு தாளை அவள் முன் வைத்தார். நிரற்களம் தேர்வு செய்யும் தாள். அவளுக்குக் கொடுத்த அதே மாதிரி. ஆனால் அதில் மூன்று பெயருக்குப் பதில் நான்கு இருந்தன. சீர்க்களம், வெற்றுத்தாள், தண்மை. நான்காவதாக, தண்மையோடு சந்தனமாரி.

"அறுபத்திரண்டு பேரும் நாலாவதைத்தான் போட்டிருக்காங்க. அவங்க அவங்க பலகையில எழுதுவாங்க. எழுதுனது உன் விரலுக்கு வரும். நீ படிச்சாப் போதும். அமைதி விசையை மட்டும் உன் பலகையில எடுத்துருவோம். தானா ஆத்துறதையும் நிறுத்திருவோம். ஏழு வருஷம்."

"நான் இன்னும் தேர்ந்தெடுக்கலையே மேடம்."

"நீ தேர்ந்தெடுக்க வேண்டியதில்லைம்மா," என்றார் மேடம், கனிவாக. "உன்னை அவங்க தேர்ந்தெடுத்துட்டாங்க. அறுபத்திரண்டு தெரு ஜனம் உன் கையில. என்ன வேணும் உனக்கு, கேளு. எதுவானாலும் வாரியம் செய்யும்."

கேட்கவே கூசியது. ஆனால் இரவெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கு மேட்டுத் தெருவுல ஒரு வீடு. சின்னதாப் போதும். தண்ணி ஏறாத இடமா."

"இதென்ன பெரிய விஷயம்." மேடம் அங்கேயே ஒரு தாளை எடுத்து எழுதினார். பேராலயத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடி, தென்காற்று வரும் வீடு. கீழே கையெழுத்துப் போட்டார். "இன்னைக்கே அம்மாவைக் கொண்டுபோயிரலாம்."

சந்தனமாரியின் கைகள் அப்போதும் பலகையின் மேல்தான் இருந்தன. திரையில் பதினேழாம் தெருவின் நிரல் திறந்திருந்தது. அம்மாவின் கட்டில் மூன்றாம் மாடி ஜன்னலோரம் இருப்பதை அவள் பார்த்தாள். தென்காற்றில் அம்மாவின் நரைமுடி பறப்பதைப் பார்த்தாள். அவள் தோள்கள் தாமாகவே தளர்ந்தன. யாரும் ஆற்றாமலே, எந்த விசையும் குளிராமலே, அவள் நாடி மெல்ல இறங்கியது.

பதினேழாம் தெருவின் பொட்டுகளில் ஒன்று அணைந்தது. பிறகு இன்னொன்று. கூடத்தில் அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது பொட்டு அணைந்தபோது பதினேழாம் தெருவின் நிரலர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

வடிவு மேடம் வீட்டுத் தாளை எடுத்தார். நான்காக மடித்தார். தன் கைப்பைக்குள் வைத்தார்.

"ஏழு வருஷம் கழிச்சுப் பாப்போம்மா," என்றார். "அம்மா இப்ப இருக்கிற வீட்டுலயே இருக்கட்டும்."

சந்தனமாரி பலகையிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள். எட்வின் அவள் மணிக்கட்டின் மேல் தன் கையை வைத்தான். அன்பாகத்தான் வைத்தான், எடுக்கத்தான் விடவில்லை. திரையில் ஒரு பொட்டு எரிந்தது. பிறகு இரண்டு, ஐந்து, பத்து. நிரல் முழுக்க மஞ்சளானது. கூடத்தில் இருந்த அறுபத்திரண்டு பேரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.